லைனுக்கு முளைத்த வால்

டெலிபோன் லைன்காரர் ஒருவழியாக வந்துவிட்டார். போன வாரம் முழுக்க "இதோ கிளம்பிட்டேன்" என்று சொல்லிச் சொல்லியே மொத்தக் குடும்பத்தையும் வாசலுக்கும் கூடத்துக்குமாக நடக்கவிட்டவர், இன்று காலை சொல்லாமல் கொள்ளாமல் வந்து மணியடித்தார். மாமனார் பாதி சவரத்தோடு போய்க் கதவைத் திறந்தார்.

இந்த வீட்டை இன்றுதான் முதல்முறையாக எட்டிப் பார்க்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மருமகளுக்கு வீட்டிலிருந்தபடியே வேலை. ஒரு மாலை நேரக் கல்லூரியில் காது கேளாத மாணவர்கள் சிலர் படிக்கிறார்கள். ஆசிரியர் பேசப் பேச, இவள் ஹெட்போனில் கேட்டுத் தட்டுவாள். தட்டியது மாணவர்களின் திரையில் எழுத்தாக ஓடும். கல்யாணத்துக்குப் பிறகு அவளுக்குக் கிடைத்த முதல் வேலை இது. கணவனுக்கு வெளியூரில் உத்தியோகம், வாரக் கடைசியில்தான் தலைகாட்டுவான். ஆகவே அந்தப் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்காரும் மாலை நேரம்தான் இந்த வீட்டில் அவளுக்கே அவளுக்கென்று இருந்தது.

அதற்குத்தான் வந்தது வினை. ஆறு மணிக்கு வகுப்பு ஆரம்பிக்கும். ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் இன்டர்நெட் விழும், எழும், மறுபடி விழும்.

போன மாதம் ஒரு மாணவி அவளுக்கு எழுதியிருந்தாள். "அக்கா, நீங்க போயிட்டா சாரோட வாய் மட்டும்தான் அசையுது." அன்று மருமகளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நேற்று கல்லூரி ஒருங்கிணைப்பாளரும் பொறுமை இழந்துவிட்டார். இன்றைக்கும் வகுப்பு நடுவில் நின்றால் நாளையிலிருந்து வேறு ஆளைப் போட்டுவிடுவதாகச் சொல்லிவிட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, வருத்தப்பட்டுக்கொண்டே சொன்னார்.

கட்டடம் பழையது. சுவரைத் துளைக்கக் குடியிருப்போர் சங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் இன்டர்நெட் கம்பெனியின் வேகமான கேபிள் கீழே தரைத்தளப் பெட்டியோடு நின்றுவிட்டது. அங்கிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் பழைய டெலிபோன் வயர் வழியாகத்தான் இன்டர்நெட் ஏறி வருகிறது. மற்ற வீடுகளில் எல்லாம் பறக்கிறது. இங்கே மட்டும்தான் இந்தக் கூத்து. செல்போனை வைத்துச் சமாளிக்கலாம் என்றால், அந்தக் காலத்துச் சுவர்களுக்குள் சிக்னல் ஜன்னலோரம் வரைக்கும்தான் வரும்.

லைன்காரர் சோபாவை நகர்த்தி, சுவர்ப் பெட்டியைக் கழற்றி, கையிலிருந்த மீட்டரை வயரில் மாட்டிப் பார்த்தார். ஒருமுறை முகத்தைச் சுளித்தார். வயரைத் துடைத்துவிட்டு மறுபடி மாட்டினார்.

"உங்க லைனுக்கு வால் இருக்குங்க" என்றார்.

மாமனார் முகத்தில் இருந்த சோப்பு நுரை காய ஆரம்பித்திருந்தது. வால் என்றால் என்ன என்று அவர் கேட்பதற்குள் மருமகள் மீட்டருக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு எதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மிக்ஸி நின்றால்கூட மாமியார் கடைக்காரரைக் கூப்பிடுவதற்கு முன்னால் இவள் ஸ்க்ரூ டிரைவரை எடுத்திருப்பாள்.

லைன்காரர் விளக்கினார். கீழேயிருந்து வருகிற வயர் இந்த வீட்டோடு முடிய வேண்டும். ஆனால் மாடிப்படி ஓரத்துப் பெட்டியில் யாரோ ஒரு ஜாயின்ட் போட்டு, அதே வயரிலிருந்து ஒரு கிளையை வேறெங்கோ கொண்டுபோயிருக்கிறார்கள். இன்டர்நெட் அந்தக் கிளையிலும் ஓடிப்போய் முட்டிக்கொண்டு திரும்பி வருகிறது. அதனால்தான் வேகம் குறைகிறது என்றார்.

"அது சரி, வேகம் குறையட்டும். சாயந்தரம் மட்டும் ஏன் விழணும்?" என்று கேட்டாள் மருமகள்.

"வால் நுனியில ஒரு போன் மாட்டியிருக்கு. வெறும் வயர்னா மீட்டர் வேற மாதிரி காட்டும். உங்க போன்ல நாங்க ஒரு ஃபில்டர் மாட்டியிருக்கோம் பாருங்க, இந்தச் சின்ன வெள்ளை டப்பா. அது இல்லாத போன்ல யாராவது ரிசீவரை எடுத்தா இன்டர்நெட் படுத்துரும்."

"அப்போ யாரோ எடுக்கறாங்க."

"எடுக்கறாங்க" என்றார் லைன்காரர், மீட்டரின் வயரைச் சுருட்டியபடி.

சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த குழாய் நின்றது. மாமியார் ஈரக்கையோடு வந்து நிலைப்படியில் சாய்ந்தார். "மேல் வீட்டுக்குப் போற வயர்தானே அது?" என்று கணவரிடம் கேட்டார்.

மேல் வீடு என்றால் இந்த வீட்டுக்கு நேர் மேலே இருக்கும் வீடு. அங்கே இருப்பவர் மாமனாரின் சொந்த அண்ணன். ஒரு காலத்தில் இரண்டு வீட்டுக்கும் ஒரே அடுப்பு, ஒரே போன். கீழே மணி அடித்தால் மேலேயும் எடுத்துப் பேசலாம். மாமனாரின் மகள், வீட்டில் எல்லோரும் சின்னவள் என்று கூப்பிடுகிறவள், பாதி நாள் மேல் வீட்டில்தான் கிடப்பாள். பிள்ளையில்லாத அந்தப் பெரியப்பாவுக்கு அவள்தான் எல்லாம். வாயாடி என்று பேர் வைத்து, அந்தப் பேரைத் தவிர வேறு பேர் சொல்லி அவர் கூப்பிட்டதே இல்லையாம்.

வாயாடி வளர்ந்தாள். பெரியப்பா பார்த்த மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தனக்குப் பிடித்தவனைக் கல்யாணம் செய்துகொண்டு வேறு ஊருக்குப் போனாள். "இனிமே அவ குரல் என் காதுல விழக் கூடாது" என்றார் பெரியப்பா. "அப்படின்னா எங்க குரலும் விழ வேண்டாம்" என்றார் மாமனார். அவ்வளவுதான். அத்தனை வருட உறவு ஒரு மத்தியானத்தில் முடிந்தது. வீட்டுச் சாமானைப் பிரித்தார்கள். நாற்காலிகளைப் பாதி பாதியாகப் பிரித்தார்கள். ஏணியை யார் வைத்துக்கொள்வது என்பதற்கு ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டார்கள். வயரை மட்டும் பிரிக்க மறந்துவிட்டார்கள்.

மருமகள் இந்தக் குடும்பத்துக்கு வந்தது அதற்கெல்லாம் பிறகு. மேல் வீட்டுக்காரர்களைப் படியில் பார்த்தால் தலையசைப்பாள், அதோடு சரி.

"வெட்டிடுங்க" என்றார் மாமனார். "இன்னிக்கே வெட்டிடுங்க."

மாடிப்படிப் பெட்டியின் சாவி கட்டட மேலாளரிடம் இருந்தது. அவர் சாயந்தரம்தான் வருவார். வகுப்புக்கு முன்னால் வந்து வெட்டித் தருவதாக லைன்காரர் ஒத்துக்கொண்டார். மாமனார் மீதிச் சவரத்தை முடிக்கப் போனார். காய்ந்த நுரையில் கத்தி இழுத்த சத்தம் குளியலறையிலிருந்து கேட்டது.

வேறு யாராக இருந்தாலும் அத்தோடு நிம்மதியாகியிருப்பார்கள். இவளுக்குத்தான் மண்டைக்குள் ஒன்று குடைந்துகொண்டே இருந்தது. மாமியார் மத்தியானத்தில் தன் தோழியோடு அதே போனில் பேசுகிறார், இன்டர்நெட் விழுவதில்லை. பால்காரரிடம் பேசுகிறார், விழுவதில்லை. தினமும் ஆறு மணிக்கு மேல் சின்னவள் தன் ஊரிலிருந்து கூப்பிடும்போது மட்டும் விழுகிறது. அதுவும் மணி அடிக்கும்போது அல்ல, மாமியார் எடுத்து "சொல்லுடி" என்ற பிறகு.

செருப்பை மாட்டிக்கொண்டிருந்த லைன்காரரிடம் அதைச் சொன்னாள். அவர் சிரித்தார். "யார் பேசறாங்கன்னு வயருக்குத் தெரியாதுங்க" என்றார்.

வயருக்குத் தெரியாது. ஆனால் ரிசீவரை எடுக்கிறவருக்குத் தெரியும். மருமகள் அவரிடம் ஃபில்டர் இன்னொன்று கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாள்.

*

மத்தியானம் மாமனார் கண்ணயர்ந்ததும் அவள் படியேறினாள். அந்த அண்ணனின் மனைவி, மேல் வீட்டுப் பெரிய அத்தைதான் எடுத்துக் கேட்கிறார் என்று அவளுக்குள் முடிவாகியிருந்தது. பெண்களுக்கு வீட்டுச் செய்தி வேண்டும், ஆண்களின் வீறாப்பு அவர்களுக்கு எதற்கு? இப்படியெல்லாம் யோசித்து, என்ன பேசுவது என்று ஒத்திகைகூடப் பார்த்துக்கொண்டு மணியை அழுத்தினாள்.

கதவைத் திறந்த பெரிய அத்தை அவளைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் பிடித்து உள்ளே இழுத்தார். கீழிருந்து ஒரு ஆள் படியேறி வந்ததே அவருக்குத் திருவிழாவாக இருந்தது. தண்ணீர் கொடுத்தார், பழம் நறுக்கப் போனார். லைனில் ஏதோ கோளாறு, பழைய போன் ஏதாவது இங்கே மாட்டியிருக்கிறதா என்று மருமகள் மெதுவாகக் கேட்டாள்.

"அதுவா? மணியே அடிக்காம அது செத்துப் போய் எத்தனையோ வருஷமாச்சு. தூக்கிப் போடுங்கன்னா இந்த மனுஷன் கேக்கமாட்டேங்கறார்" என்றார் பெரிய அத்தை. சாயந்தரம் அவர் வீட்டிலேயே இருப்பதில்லை என்பதும் பேச்சோடு பேச்சாக வந்தது. ஐந்தரைக்கெல்லாம் பூங்காவுக்கு நடக்கப் போய்விடுவார். போனால் அங்கே நாலு பேரோடு பேசி முடித்து வர ஏழு மணி ஆகும்.

மருமகளின் ஒத்திகை மொத்தமும் வீணாகப் போனது.

உள்ளறையில் ஜன்னலோரம் சாய்வு நாற்காலி. அதில் மாமனாரின் அண்ணன், அவளுக்குப் பெரிய மாமா, உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு ஸ்டூல், அதன் மேல் பழைய போன். எண் வளையத்தின் ஓட்டைகளில் தூசி அடைந்து கிடந்தது. ரிசீவர் மட்டும் தினமும் துடைத்தது போலப் பளபளத்தது.

"எதுக்கு வந்தே?" என்றார் அவர். தொடர்ந்து இருமினார்.

அவள் சுற்றி வளைக்கவில்லை. கையை விரித்து வெள்ளை டப்பாவைக் காட்டினாள். இந்த போனை எடுத்தால் கீழே தன் வகுப்பு நின்றுபோகிறது, இதை நடுவில் மாட்டினால் நிற்காது என்று மட்டும் சொன்னாள். யார் எடுக்கிறார்கள் என்று கேட்கவில்லை. அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சமையலறையில் பெரிய அத்தை பழம் நறுக்கும் சத்தம் வந்தது.

"அந்த இரைச்சலும் நிக்குமா?" என்று கேட்டார்.

அவளுக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது. கீழ் வீட்டுக்கு வேகமான இன்டர்நெட் வந்த நாளிலிருந்து இந்த போனில் ஒரே இரைச்சல். அவள் வேலையை அவர் கெடுத்துக்கொண்டிருந்தார் என்றால், அவர் கேட்பதை அவள் கெடுத்துக்கொண்டிருந்தாள். ஒருவருக்கும் இது தெரியாது.

"நிக்கும், மாமா."

"பாதி வார்த்தைதான் புரியுது இப்பெல்லாம். குழந்தை நடக்குதுன்னாளா, அடம் பிடிக்குதுன்னாளான்னு ஒரு வாரமா மண்டையை உடைச்சுக்கறேன்." சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டு நிறுத்திக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார். "கீழ சொல்லிட்டியா?"

"இல்லை."

"என்னால உன் வேலைக்கு ஆபத்தா?"

இல்லை என்று சொல்லிவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வாய் வரவில்லை. ஆமாம் என்றாள்.

"அப்போ வெட்டிடச் சொல்லு" என்றார் பெரிய மாமா. "போதும். கேட்டது போதும்."

அண்ணனும் தம்பியும் இத்தனை வருடத்துக்குப் பிறகு ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். அது இந்த விஷயமாகவா இருக்க வேண்டும்? அவளுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று அவளுக்கே தெரியவில்லை. குனிந்து, சுவரிலிருந்து வயரைப் பிடுங்கி, டப்பாவை நடுவில் மாட்டி, திரும்பச் செருகினாள். பழத்தை நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டு இறங்கி வந்தாள்.

*

லைன்காரர் சொன்ன நேரத்துக்கு வந்தார். வாழ்நாளில் முதல்முறையாக இருக்கும். மேலாளர் பெட்டியைத் திறந்துவிட்டுப் போனார். உள்ளே பல நிறங்களில் வயர்கள் பின்னிக் கிடந்தன. லைன்காரர் டார்ச் அடித்து, சிவப்புத் துணி நாடா சுற்றிய ஒரு ஜாயின்ட்டைக் காட்டினார்.

"நான் சுத்தினது" என்றார் மாமனார். "அண்ணன் ஏணியைப் பிடிச்சுக்கிட்டான்." கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

லைன்காரர் கட்டரை எடுத்தார்.

"வேண்டாம்" என்றாள் மருமகள்.

மாமனார் திரும்பிப் பார்த்தார். இன்றைக்கு வகுப்பு நின்றால் வேலை போய்விடும் என்று காலையில் அழாத குறையாகச் சொன்னவள் இவள்தானே? மேலே மாட்டிய டப்பா வேலை செய்யுமா என்று அவளுக்கு உறுதியாகத் தெரியாது. பழைய போன், பழைய வயர். வெட்டிவிட்டால் எந்தச் சந்தேகமும் இல்லை, ஒரு நொடி வேலை. அந்த மாணவி எழுதியதும் நினைவுக்கு வந்தது. வாய் மட்டும் அசைவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று அன்றிலிருந்து அவள் பலமுறை யோசித்திருக்கிறாள்.

"பழைய ஜாயின்ட், மாமா. கை வெச்சா நம்ம வயரும் சேர்ந்து விட்டுப்போயிடும்னு பயமா இருக்கு. இருக்கற வேகமே எனக்குப் போதும்."

அது சுத்தப் பொய் என்று லைன்காரருக்குத் தெரியும். அவர் அவளைப் பார்த்தார். அவள் ஒரு விரலால் மேலே காட்டி, உடனே கையைக் கீழே போட்டுக்கொண்டாள். அவர் என்ன புரிந்துகொண்டாரோ, கட்டரைப் பையில் போட்டார்.

"ஆமாங்க, தொடாம இருக்கறது நல்லது" என்று சொல்லிப் பெட்டியைச் சாத்தினார்.

*

ஆறு மணிக்குப் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். மண் வகைகளைப் பற்றிய பாடம். ஆசிரியர் வழக்கம்போலத் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். அவள் விரல்கள் ஓடின.

கூடத்தில் போன் அடித்தது. "சொல்லுடி" என்றார் மாமியார்.

மோடத்தின் பச்சை விளக்கையே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு தட்டினாள். களிமண் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்றார் ஆசிரியர். தட்டினாள். மணல் விட்டுவிடும் என்றார். தட்டினாள். இந்நேரம் மேலே ரிசீவரை எடுத்திருப்பார். விளக்கு ஒருமுறை சிமிட்டியது. அவள் தட்டுவதை நிறுத்தவில்லை. விளக்கு நிலைத்து எரிந்தது, எழுத்துகள் போய்க்கொண்டே இருந்தன. கண்ணில் நீர் கோத்துக்கொண்டதில் வண்டல் மண்ணில் இரண்டு எழுத்துப் பிழை விட்டாள்.

வகுப்பு முடிந்ததும் ஒருங்கிணைப்பாளரின் செய்தி வந்தது. "இன்னைக்கு நிக்கவே இல்லையேம்மா. நாளைக்கும் நீங்கதான்."

அவள் வெளியே வந்தபோது தாயும் மகளும் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள். சரியாகச் சொன்னால் மாமியார் பேசிக்கொண்டிருந்தார். அவர் போனில் பேசுகிறவர், கேட்கிறவர் அல்ல. மாமனார் நாற்காலியில் செய்தித்தாளை விரித்துப் பிடித்திருந்தார்.

"சின்னவ உன்னைக் கேக்கறா" என்று மாமியார் ரிசீவரை நீட்டிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார்.

வகுப்பு எப்படிப் போயிற்று என்று சின்னவள் விசாரித்தாள். நன்றாகப் போயிற்று என்றாள் இவள். இன்று குரல் தெளிவாக இருக்கிறதே என்று சின்னவள் ஆச்சரியப்பட்டாள். லைனை இன்றுதான் சரிசெய்தோம் என்றாள் இவள்.

"அண்ணி, அடுத்த வாரம் குழந்தையைத் தூக்கிட்டு அங்க வர்றேன். அம்மாகிட்ட இன்னும் சொல்லலை."

"ஏன்?"

"முதல்ல உங்க ரெண்டு பேருக்கும் சொல்லணும்னு நினைச்சேன்."

இங்கே ரிசீவரைப் பிடித்திருந்தவள் ஒருத்திதான். லைனில், மிக அருகில், ஒரு இருமல் கேட்டது. வாயைப் பொத்திக்கொண்டு இருமிய இருமல்.

"வருஷக்கணக்கா கேக்கறேன் இந்த இருமலை" என்றாள் சின்னவள். "அம்மாவுக்கு செல்போன் இருக்கு. நான் ஏன் தினம் வீட்டு போன்ல கூப்பிடறேன்னு நினைச்சீங்க? பெரியப்பா, டாக்டர்கிட்ட போனீங்களா இல்லையா?"

ரிசீவரை வைக்கும் 'டக்' சத்தத்துக்காக மருமகள் காத்திருந்தாள். அது வரவில்லை. மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"போகலை, வாயாடி" என்றது லைன்.

அவள் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்துவிட்டாள். அது அவர்கள் இருவருக்குமான பேச்சு. ஆனால் அந்தப் பழைய ரிசீவரில் சத்தம் கொஞ்சம் அதிகம். கூடத்தில் செய்தித்தாள் மெதுவாகக் கீழே இறங்கியது.

"யாரது, ஆம்பளைக் குரல்?" என்றார் மாமனார்.

மருமகள் சமையலறைப் பக்கம் பார்த்தாள், போனைப் பார்த்தாள். காலையிலிருந்து யோசித்து யோசித்துச் செய்தவள், இதை மட்டும் யோசிக்காமல் செய்தாள். வயர் எட்டுகிற தூரம் வரைக்கும் போய், ரிசீவரை மாமனாரிடம் நீட்டினாள்.